சோத்து மூணு, பீச்சை ரெண்டு, பைய

யேசுவடியான் அண்ணனுக்கு இடது எது, வலது எது என்பது சட்டென்று பிடிபடாது. யோசித்தால் தெரியும். ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காத ஒரு வேலையைத்தான் அவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார். மண் ரோட்டில் கார் பந்தயம் ஓட்டினார்.

பாறசாலையிலிருந்து மேற்கே இறங்கும் ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. தகரக் கூரை, முன்னால் ஒரு அயனிமரம், அதன் நிழலில் யாராவது ஒருவருடைய கார் வயிறு திறந்து நிற்கும். வீட்டில் தாத்தாவின் பேரை அவருக்கு வைத்துவிட்டார்கள். மிஷன் கோயிலில் அந்தப் பேர் கொண்ட மற்றவர்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தார்கள். கூட்டாளிகள் கேலி செய்தால், "பேரு பழசு மக்கா, இஞ்சின் புதுசாக்கும்" என்பார்.

அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ். என் அப்பா பாறைமடையில் கல்லுடைத்தவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் படித்து, பி.எஸ்சி. பிசிக்ஸ் முதல் வகுப்பில் பாஸானபோது அப்பா ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் என் போட்டோவை விட அப்பாவின் போட்டோ பெரிதாக இருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு மாலை, கை முழுக்க கிரீஸோடு ஒருவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"ஃப்ளெக்ஸில சிரிச்சிட்டு நிக்கிய ஆளு நீதானே? இங்கிலீஷ் வாசிப்பியா?"

"நான் பிசிக்ஸ் அண்ணா."

"பிசிக்ஸ இங்கிலீஷ்லதானே படிச்சே? அது போதும். நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வா."

அவர் வாசிக்கக் கொடுத்தது ரேலி பந்தயத்தின் விதிமுறைகள். மலையோர ரப்பர் தோட்டங்களில் நடப்பது. கார்கள் ஒவ்வொன்றாக விடப்படும். யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவருக்குப் பரிசு. வழி ஓட்டுகிறவருக்குப் பழக்கமில்லாததாக இருக்கும். அதனால் முந்தின நாள் இரண்டு பேர் அந்த வழியில் ஒருமுறை மெதுவாகப் போய், எங்கே வளைவு, எங்கே குழி என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு ரெக்கி என்று பேர். பந்தயத்தின்போது ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவன் எழுதினதை வாசித்துக்கொண்டே வருவான். அடுத்து என்ன வருகிறது என்று கண் பார்ப்பதற்கு முன்னே காது அறிந்திருக்க வேண்டும். அந்த வாசிக்கிறவன் வேலைதான் எனக்கு.

முதல் பந்தயத்தில் நான் நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். பட்டதாரி அல்லவா. "லெஃப்ட் த்ரீ" என்றேன். அண்ணன் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் கார் வலதுபக்கம் இறங்கி மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் போய் நின்றது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். நாலு மூலையிலும் ஆள் பிடித்துக் காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். விளைக்காரர் வந்து பார்த்தார். நாங்கள் பயந்து நின்றோம். அவர் சாய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்துவிட்டு, "மரச்சீனி பிடுங்க ஆளு கிடைக்காம இருந்தேன். ரெண்டு மூடு பாக்கி நிக்குது பாரு, அதையும் இடிச்சிட்டுப் போ" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் பரோட்டா தின்னும்போது அண்ணன் தன் கையையே பார்த்தார்.

"எலே விஜினே, லெஃப்டும் ரைட்டும் தலைக்குப் போயிட்டு அங்கேருந்து கைக்கு வருது. லேட்டாவுது. கைக்கு நேராட்டு சொல்லு."

"எப்படி அண்ணா?"

"சோறு தின்னிய கை தெரியாதவன் உண்டா?"

அப்படித்தான் வலது சோத்து ஆனது, இடது பீச்சை ஆனது. கூட வரும் எண் கியரைக் குறிக்கும். சோத்து மூணு என்றால் மூன்றாம் கியரில் எடுக்கலாம். பீச்சை ஒண்ணு என்றால் ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டும். குழி இருந்தால் 'பைய'. நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது கேட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்கும் 'ம்' சொல்ல வேண்டும். அவரும் ஒன்று வைத்தார்.

"கடைசியில ஃபினிஷுண்ணு சொல்லாத. ஆளு தீந்தது மாதிரி இருக்கு. வந்தாச்சுண்ணு சொல்லு."

ஆறு வருஷம் அப்படி ஓட்டினோம். மற்ற கார்களில் வாசிக்கிறவர்கள் எங்கள் காரின் வீடியோவைப் போட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். "சோத்து மூணு", "ம்", "பீச்சை ரெண்டு, பைய", "ம்". ஏதோ விருந்தில் பந்தி பரிமாறுவது போல இருக்கிறதாம். நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஒரே ஒருமுறை எங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தோம். அந்தக் கோப்பையை அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வைத்து அதில் பழைய ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டு வைத்தார்.

அவர் மனைவி ஷிஜா அக்காவுக்கு இந்த 'ம்' மேல் நிரந்தரமாக ஒரு கோபம் இருந்தது. நான் வீட்டுக்குப் போனால் அண்ணனுக்குக் கேட்கும்படியே சொல்வார்: "என்னெக் கெட்டி எவ்வளவு காலமாச்சு, நான் சொன்னதுக்கு ஒருநாளு 'ம்' கேட்டிருக்கேனா? உப்பு வாங்கணும்னா மூணுதடவ சொல்லணும். உனக்குண்ணா வாய் மூடியதுக்கு முன்ன 'ம்' வருது."

"நீ கியர் நம்பர் சொல்ல மாட்டியே" என்பார் அண்ணன். அவர்கள் மகள் அனகா அதைக் கேட்டுச் சிரிப்பாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகத் திருப்புவாள்.

அண்ணனுக்கு இடுப்பில் வலி தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். அவர் சீட்டை மாற்றினார். பந்தயக் காரின் சீட் சரியில்லை, அதனால்தான் வலிக்கிறது என்றார். வலி போகவில்லை. ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாற்றினார். பிறகு ஸ்பிரிங்கை. ஒவ்வொன்றையும் மாற்றினதும், "இப்பம் கொள்ளாம், வலி கொறஞ்சாச்சு" என்று ஒரு வாரம் சொல்வார். கார் நன்றாகிக்கொண்டே வந்தது. கடைசியில், ஒர்க்‌ஷாப் தரையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பில் புற்று. வேறெங்கோ தொடங்கி இடுப்புக்கு வந்து முதுகுத்தண்டில் ஏறிவிட்டது என்றார்கள்.

மருந்து ஏறி இறங்கி, முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நானும் வண்டியில் இருந்தேன். அந்தப் பயணத்தை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் அவர் கத்தினார். பந்தயத்தில் கார் தலைகீழானபோதுகூட, "பெல்ட்டக் கழத்துல, பெட்ரோல் சாடுது" என்று மட்டும் சொன்ன மனுஷன். வீட்டு முற்றத்தில் வண்டி நின்று கதவைத் திறந்ததும் இன்னொருமுறை கத்தினார். அப்பா வருகிறார் என்று தலைவாரிப் பூ வைத்து நின்ற அனகா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்துகொண்டாள். அவர் வீட்டில் இருந்த நாட்களில் அவர் படுத்திருந்த அறையின் வாசலைத் தாண்டி அவள் வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "பிள்ள பேடிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் முறை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஷிஜா அக்கா வராந்தாவில் போய் அழுதார். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"எலே விஜினே, ரெக்கி எடுப்பியா?"

"எங்க அண்ணா?"

"இங்கேருந்து எனக்க வீடு வரை." கண்ணைத் திறந்தார். "நேரம் எவ்வளவு ஆனாலும் வேண்டியதில்ல. குலுங்காம போணும். நான் கத்தாம எறங்கணும். பிள்ள முற்றத்துல நிப்பா. இந்தத் தடவ கத்திப்போட்டேன்னா அவ எனக்க பக்கத்துல வரமாட்டா மக்கா. பெறவு ஒருக்கலும் வரமாட்டா."

நான் 'ம்' என்றேன். அவர் சொல்லி நான் 'ம்' சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் பாடமெடுக்கும் டியூஷன் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கில் ரெக்கி எடுத்தேன். பந்தய ரெக்கியில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று பார்ப்போம். இதில் எவ்வளவு மெதுவாகப் போனால் ஒரு எலும்பு அசையாமல் இருக்கும் என்று பார்த்தேன். ஒவ்வொரு குழியிலும் இறங்கிக் காலை வைத்து ஆழம் பார்த்தேன். எந்தக் குழியை எந்தப் பக்கமாக விலக்கலாம், எங்கே விலக்க வழியே இல்லை, வேகத்தடையில் எந்த ஓரம் தேய்ந்து தணிந்திருக்கிறது என்று எழுதினேன். பாலராமபுரத்தில் ரோட்டில் குனிந்து நின்றபோது ஒரு கடைக்காரர் வெளியே வந்தார்.

"சாரே, ரோட்டுக்கு எவ்வளவு எடுப்பினும்? எனக்க கடை முழுசும் போவுமா, பாதி போவுமா?"

ரோடு அகலப்படுத்த சர்வே எடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். இல்லை அண்ணா, சுகமில்லாத ஒருவரைக் கூட்டிப்போக வழி பார்க்கிறேன் என்றேன். அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். "அப்பம் அந்த மெடிக்கல் ஸ்டோருக்கு முன்ன ஒண்ணு உண்டு. தண்ணி கெடக்கியதுனால தெரியாது. அதையும் எழுது" என்றார்.

ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தவர் காட்டாக்கடைக்காரர், ராஜப்பன். நான் முன் சீட்டில் ஏறித் தாளை விரித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தா சாரே இது? எனக்கு வழி சொல்லித் தாறியா? நான் இந்த ரோட்டுல கண்ணைக் கெட்டிட்டு ஓட்டுவேன்."

பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ராஜப்பண்ணா, அவன் சொல்லியது போல போணும். நானும் அப்படித்தான் ஓட்டினது. ரேஸாக்கும்."

"ரேஸா? ஜெயிச்சிட்டுண்டா?"

"ஒருவாட்டி மூணாவது வந்தேன்."

ராஜப்பன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

"சோத்து ஒண்ணு, ஆஸ்பத்திரி கேட்டு, தணிஞ்ச பக்கம் பீச்சை" என்றேன்.

பின்னாலிருந்து, "ம்."

வண்டி ரோட்டில் ஏறியது. நான் வாசித்தேன். ராஜப்பன் முதலில் முனகிக்கொண்டே ஓட்டினார். இரண்டு மூன்று குழிகளை நான் சொன்னபடி விலக்கின பிறகு, அடுத்தது என்ன என்பதுபோலத் தலையை என் பக்கம் சாய்த்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு பஸ் எங்களைத் தாண்டும்போது கிளீனர் தலையை நீட்டி, "எலே, ஆம்புலன்ஸா, கல்யாணக் காரா?" என்று கத்தினான். ராஜப்பன் சைரனைப் போட்டார். "மெதுவாப் போறதுக்கு சைரன் போடுறது எனக்க ஆயுசுல முதல் தடவ" என்றார். அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்ததில் வலித்திருக்க வேண்டும். ஷிஜா அக்கா, "பேசாம கிடங்க" என்றார்.

நெய்யாற்றின்கரை தாண்டி, அமரவிளையில் பாலத்தில் ஏறும்போது, "ஆறு வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு. பாலத்துல இணைப்பு உண்டு, ஒண்ணுல ஏத்தணும்."

"ரெண்டுண்ணு எழுதியிருப்பே. இப்பம் லோடு உண்டுல்லா, அதுனால ஒண்ணு. இல்லியா?"

உண்மையில் நான் இரண்டு என்றுதான் எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருந்தேன். 'ம்' என்றேன். அவர் கத்தவில்லை. ஒருமுறை மட்டும் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிக்கிறவன் தலையைத் திருப்பக் கூடாது.

மெயின் ரோட்டை விட்டு எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கினோம். இனி மோசமான ரோடு, ஆனால் எனக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். "பீச்சை ஒண்ணு, கால்வாய்ப் பாலம், பைய" என்றேன். ராஜப்பன் வண்டியை நிறுத்திவிட்டார்.

பாலத்துக்கு முன்னால் ரோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் பதிக்க அன்று காலையில் தோண்டியது. நேற்று நான் வந்தபோது இல்லை. மேலே இரண்டு இரும்புத் தகடுகளைப் போட்டிருந்தார்கள். பைக் போகும். ஆம்புலன்ஸ் ஏறினால் தகடு எகிறும்.

ரெக்கி எடுத்த பிறகு வழி மாறினால் அதுதான் பந்தயத்தில் மிகவும் பயப்பட வேண்டியது. தாளில் அடுத்த வரியைப் பார்த்தேன். அதில் இது இல்லை.

"என்னலே, நிறுத்திப்போட்டீங்க?" என்றார் அண்ணன்.

சொன்னேன்.

"மரச்சீனி விளையில என்ன செய்தோம்?" என்றார். "நாலு மூலையில ஆளைப் பிடிக்கச் சொல்லு. நானும் இப்பம் ஒரு ஒடஞ்ச காராக்கும்."

பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்ட். கேட்பதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். குழாய் வேலைக்காரர்களும் குழியிலிருந்து ஏறி வந்தார்கள். ராஜப்பன் தலைமாட்டைப் பிடித்தார். ஸ்ட்ரெச்சரோடு இறக்கி, தோளுயரத்துக்குத் தூக்கி, ஒரே காலடியாக நடந்தார்கள். நான் முன்னால் நடந்து வாசித்தேன். எழுதியிருந்த கியருக்கு இனி அர்த்தமில்லை, ஆனாலும் வாசித்தேன். "சோத்து ரெண்டு, பலாமரம், வேரு நீட்டியிருக்கு, பைய."

"ம்."

"பீச்சை ஒண்ணு, சர்ச் மதிலு, சரளைக்கல்லு."

"ம்." இந்த 'ம்' மிகவும் சிறிதாக இருந்தது.

வீட்டுக் கேட் தெரிந்தது. முற்றத்தில் அனகாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். வண்டி வரும் என்று பார்த்திருந்தவர்களின் கண்ணில் பட்டதோ, ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்து வரும் கூட்டம். யாரோ ஒரு பெண் "எனக்க கர்த்தாவே" என்று நெஞ்சில் அடித்தார். அடுத்தவர்களும் கத்தத் தொடங்கினார்கள். அனகாவின் கை காதுக்குப் போனது.

அப்போது தோளுயரத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரமும் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் அதில் செலவு செய்தார் என்று நினைக்கிறேன்.

"எலே, நிறுத்துங்கலே! நான் சாவல்ல! லிஃப்டுல வாறேன்!"

அழுகை அப்படியே நின்றது. யாரோ சிரித்தார்கள். தூக்கி வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் குலுங்கியது. அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அனகா காதிலிருந்து கையை எடுத்தாள். கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, லிஃப்டாப்பா?"

"பின்ன. ஒனக்க விஜின் மாமா ஒழுங்கா வாசிக்கல்ல, வண்டியை விட்டாச்சு." அவர் என்னைப் பார்த்தார். "சொல்லுல, பாக்கிய."

"வந்தாச்சு" என்றேன்.

அதன் பிறகு அண்ணன் கொஞ்ச நாட்களே இருந்தார். அந்த நாட்களில் அனகா வீட்டில் இருக்கும்போது அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கழற்றாமலே கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்காருவாள். என் ரெக்கித் தாள்கள் அவள் கையில். ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து வீட்டு கேட் வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, போர்வைக்குள் கையை லேசாகத் திருப்பி ஓட்டுவார். ஒவ்வொன்றுக்கும் 'ம்' வரும். ஷிஜா அக்கா சமையல்கட்டிலிருந்து, "எனக்க உப்பு ஒருத்தருக்கும் வேண்டாம்" என்பார். ஒருநாள் அக்கா, "தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டதற்கு அவர் "ம்" என்றாராம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டியூஷன் சென்டரில் இருக்கும்போது ஷிஜா அக்கா போன் செய்தார். அக்கா அழவில்லை. குரல் தட்டையாக இருந்தது.

"விஜினே, அப்பா பாலத்துல நிறுத்திப்போட்டாருண்ணு பிள்ள வந்து சொன்னா. நான் போய்ப் பாத்தேன். நீ வா."

பைக்கை எடுத்தேன். வழியில் எதைத் தாண்டினேன் என்று நினைவில்லை. கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. குழாய்க் குழியை மூடியிருந்தார்கள், மண் புதிதாக இருந்தது. கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அங்கே யாரும் இல்லை. இங்கே வரைக்கும் அவள் வாசித்திருக்கிறாள், 'ம்' வந்திருக்கிறது. இதற்குமேல் வரவில்லை.

பைக்கை முதல் கியரில் போட்டேன். "சோத்து ரெண்டு, பலாமரம், வேரு நீட்டியிருக்கு, பைய" என்று சத்தமாகச் சொன்னேன். எதிரே வந்த ஒரு பெண் ஒதுங்கி நின்று பார்த்தார். "பீச்சை ஒண்ணு, சர்ச் மதிலு, சரளைக்கல்லு." ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் காத்திருந்தேன். பழக்கம்.

முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கேட்டில் அனகா தனியாக நின்றாள், யூனிஃபாரத்தோடு, கையில் தாளோடு. பைக்கின் பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா பாலத்துலல்லா நிக்காரு. கூட்டிட்டு வந்தீங்களா மாமா?"

"ம்" என்றேன்.